அடித்துத் திருத்திய சீட்டு

அத்தியாயம் 4

பல் டாக்டரைப் பார்த்து நாம் அழுவது வழக்கம். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு பல் டாக்டர் எங்களைப் பார்த்து அழுதார்.

கதவைத் தட்டக்கூட இல்லை. நேராக உள்ளே வந்தார், கைப்பையிலிருந்து ஒரு நீல நிற இன்ஹேலரை எடுத்து மாமாவின் மேஜைமேல் வைத்தார்.

"இது இங்க இருக்கு சார். எங்கப்பா எங்க இருக்கார்னு தெரியல. தூசி பட்டா அவருக்கு மூச்சு நின்னுடும்."

நான் தண்ணீர் கொடுத்தேன். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் என் அம்மாவின் தம்பி. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்ததால் எல்லோருக்கும் அவர் 'செக்கர்'. ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியக் கிளம்பிவிட்டார். டிக்கெட் வாங்காதவன்தான் ஜன்னல் வழியாக இயற்கையை விழுந்து விழுந்து ரசிப்பான் என்பது அவர் கண்ட உண்மை. நான் டைப் அடிப்பேன், ஸ்கூட்டர் ஓட்டுவேன், வாய் ஓயாமல் பேசுவேன். மூன்றாவது திறமையைப் பாராட்டி எனக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் மாமா.

டாக்டரின் அப்பா ஓர் அகராதி ஆசிரியர். அன்றாடம் நாம் பேசும் ஆங்கிலச் சொற்கள் எங்கே பிறந்தன, என்னென்ன அர்த்தம் மாறி வந்தன என்று தமிழில் சொல்லும் பெரிய அகராதி. இருபத்தாறு வருட வேலை. அந்த வாரம்தான் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கு நடக்கப் போனவர் வீடு திரும்பவில்லை. ஒன்பது மணிக்கு அகராதி அலுவலகத்தின் தபால் பெட்டியில் ஒரு கவர் கிடந்தது. அதில் ஒரு கடிதம்.

டாக்டர் கடிதத்தை நீட்டினார். 'இரண்டு நாள் வெளியூர் போகிறேன். தேட வேண்டாம்.' அவ்வளவுதான்.

"கையெழுத்து?"

"அப்பாவோடதுதான். போலீஸ்ல அதைத்தான் சொன்னாங்க. பெரிய மனுஷன், தானா எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார், நாளைக்குக் காலையில வாங்கன்னு அனுப்பிட்டாங்க." அவர் இன்ஹேலரைத் தொட்டார். "இது இல்லாம எங்கப்பா மாடிப்படிகூட ஏற மாட்டார் சார். இன்னைக்குக் கோட்டை மாத்திப் போட்டுட்டுப் போயிருக்கார். பழைய கோட்டுப் பையில இது இருந்தது. பையில இல்லைங்கறதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"எவ்வளவு நேரம் தாங்குவார்?"

"நல்ல காத்து இருந்தா நாளைக்கு வரைக்கும். தூசி இருந்தா..." டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் தாண்டாது."

எனக்கு அப்போது ஒரு ஜோக் தோன்றியது. சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காததைப் பார்த்து மாமாவே சற்றுப் பயந்துபோனார்.

"கவர்ல கடிதம் மட்டும்தானா?" என்று கேட்டார் அவர்.

"கூட ஒரு சீட்டும் இருந்ததாம். அகராதி வேலைச் சீட்டு. அங்க பிழை திருத்தற புரூஃப் ரீடர் அதை அப்பவே பிரஸ்ஸுக்குக் கொடுத்துட்டார்."

"ஸ்கூட்டர எடு," என்றார் மாமா. டாக்டர் தன் காரில் முன்னால் போனார்.

அகராதி அலுவலகம் இரண்டாவது மாடியில் ஒரே ஒரு நீள அறை. தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளங்கை அகலச் சீட்டுகள் நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தன. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு என்று டாக்டர் சொன்னார். மேலே சொல், அதன் கீழே அர்த்தம், அதற்கும் கீழே பிறப்பு. எண்ணிப் பார்த்தால் என் வாயிலிருந்து ஒரு வாரத்தில் வரும் சொற்களைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.

அறையில் ஒரே ஒருவர் இருந்தார். ஒல்லியான, ஐம்பத்தைந்து வயதுப் புரூஃப் ரீடர். ஆசிரியரோடு முதல் நாளிலிருந்து வேலை செய்பவர். மாமா தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். அவர் வாங்கினார், படித்தார், பென்சிலை எடுத்தார், எதையோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். 'துப்பறியும் நிலயம்' என்று நான் அடித்து அச்சிட்ட இருநூறு கார்டுகளில் ஒன்று 'நிலையம்' ஆகிவிட்டது.

"மன்னிக்கணும். கை சும்மா இருக்காது," என்றார்.

"மிச்சம் நூத்தித் தொண்ணூத்தொம்பதையும் கொண்டு வரட்டுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டாக்டர் கைக்குட்டை தேடுவதற்காகப் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து மேஜையில் வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... சார் கிட்ட இல்லையா?"

"இல்ல அங்கிள். பழைய கோட்டுல இருந்தது."

புரூஃப் ரீடர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இருபத்தாறு வருடப் பழக்கம், பாவம் என்று நினைத்தேன். மாமா பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் வருதா? ஆசிரியருக்கு யாராவது விரோதி?"

"இருக்கான்," என்றார் புரூஃப் ரீடர். குரல் திடீரென்று கூர்மையானது. "துணை ஆசிரியர்னு ஒருத்தன் இருந்தான். போன வியாழக்கிழமை சண்டை போட்டுட்டுப் போனான். ஒரே ஒரு சொல்லுக்காக."

"எந்தச் சொல்?"

"க்ளூ. உங்க தொழில்ல தினம் சொல்வீங்களே, அதுதான். இன்னைக்கு எல்லாரும் அதைத் துப்பு, தடயம்னு சொல்றோம். ஆனா அந்தச் சொல் பிறந்தப்போ அதுக்கு அர்த்தமே வேற. சுத்தி வெச்ச நூல்." பயத்தில் இருந்த மனிதர் சொல் என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "கிரேக்கர்களோட பழைய கதை ஒண்ணு இருக்கு. உள்ள போனா வெளிய வர வழி தெரியாத கட்டடம். நடுவுல மாட்டுத் தலையோட ஒரு அரக்கன். அவனைக் கொல்லப் போற வீரனுக்கு ஒரு இளவரசி நூல் கொடுக்கறா. வாசல்ல கட்டிட்டுப் பிரிச்சுக்கிட்டே உள்ள போனான், அதையே பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, குழப்பத்துலேருந்து வெளிய கொண்டுவர எதுக்கும் அந்தப் பேரே நின்னுபோச்சு. நூல் மறைஞ்சுபோய்த் துப்பு மட்டும் மிச்சம்."

"அட, நாம இத்தனை நாளா நூல் வியாபாரம்தான் பண்றோமா மாமா?" என்றேன்.

"ரேடியோ, சத்தத்தைக் குறை," என்றார் மாமா. "இதுல சண்டை எங்க வந்தது?"

"அந்த நூலைத் தமிழ்ல எப்படி எழுதறதுங்கறதுல வந்தது. அவன் 'நூல் உருண்டை'ங்கறான். உருண்டையாம்! நூற்கண்டுன்னு கணக்கா ஒரு சொல் இருக்கறப்போ உருண்டை பிடிக்கறான் சார். நாலு நாள் கத்தினோம். போறப்போ, 'இந்தப் புத்தகம் எப்படி வெளிய வருதுன்னு பாக்கறேன்'னு சொல்லிட்டுப் போனான்."

வழக்கு முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆசிரியரைத் தூக்கிவிட்டால் புத்தகம் நின்றுபோகும். துணை ஆசிரியரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மாமாவுக்கு வேறு கவலை. "கவர்ல இருந்த சீட்டு எந்தச் சொல்லுக்கு?"

"அதே சொல்தான். பிரஸ்ல அது ஒண்ணுதான் பாக்கி. காலையில பத்து மணிக்குள்ள வேணும்னு கேட்டிருந்தாங்க. அதனால உடனே கொடுத்துட்டேன். அதுல பாக்க ஒண்ணுமில்ல சார். வழக்கமான சீட்டு." கையிலிருந்த பென்சிலை உருட்டினார். "பிறப்பைச் சார் முதல்ல தப்பா எழுதிட்டார். அப்புறம் அவரே அடிச்சுத் திருத்தியிருக்கார். வயசாச்சில்லையா."

"பாத்துடறோம்," என்று மாமா எழுந்தார். "நீங்களும் வாங்களேன்."

"எனக்குத் தலை வெடிக்குது. ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வந்துடறேன்."

நாங்கள் படி இறங்குவதற்குள் அவர் எங்களைத் தாண்டிக்கொண்டு இறங்கித் தெருவில் கலந்தார். தலைவலிக்கு அவ்வளவு வேகமா என்று நினைத்தேன். ஆனால் அப்போது என் மூளை முழுக்கத் துணை ஆசிரியர் உட்கார்ந்திருந்தார்.

கீழே ஸ்கூட்டரில் சாய்ந்தபடியே அவருக்குப் போன் போட்டேன். ஆள் தலைமறைவாக இருப்பார், போன் அணைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"நானா? நான் இங்க காலேஜ்ல வேலைக்குச் சேர்ந்துட்டேன்மா. ஆறு மணி நேர ரயில் தூரம். காலையில எட்டு மணியிலேருந்து பரீட்சை ஹால்ல நிக்கறேன். முந்நூறு பசங்க என்னைத் திட்டிக்கிட்டே பாத்துக்கிட்டிருக்காங்க, வேணும்னா கேளுங்க."

"நீங்க சண்டை போட்டுட்டுப் போனதாச் சொன்னாங்களே?"

"யார் சொன்னா? சண்டை இருந்தது, ஆனா கோபம் எனக்கு இல்ல. சாரே கடைசியில 'நூல் உருண்டை'ன்னு போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டார். புரூஃப் ரீடர்தான் ஒத்துக்கல. நான் ஜெயிச்சவன், நான் எதுக்குக் கோபப்படணும்? வேலை கிடைச்சுது, சந்தோஷமா வந்தேன்." பிறகு அவர் குரல் மாறியது. "சாருக்கு என்ன? மூச்சுக்கு ஒண்ணுமில்லையே?"

நான் போனை மாமாவிடம் நீட்டாமல், கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். என் சந்தேகப் பட்டியலில் இருந்த ஒரே பெயர் முந்நூறு சாட்சிகளோடு நின்றுகொண்டிருந்தது. மணி இரண்டேகால்.

"கடைசியா என்ன சொன்னார்? சார் எதைப் போடறதா முடிவு பண்ணினார்?"

"நூல் உருண்டை."

"பிரஸ்ஸுக்கு விடு," என்று மாமா ஸ்கூட்டரில் ஏறினார்.

அச்சகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அச்சக முதலாளி, எல்லோருக்கும் அவர் பிரஸ்காரர், நாற்பது வருடம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். அதனால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். சீட்டைக் கேட்டதும் ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளிலிருந்து உருவிக் கொடுத்தார்.

"நல்ல வேளை கேட்டீங்க! இதைப் பாத்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்ல!"

நான் மாமாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மேலே 'க்ளூ'. அதன் கீழே 'துப்பு, தடயம்'. பிறப்பு என்ற இடத்தில், 'பிரெஞ்சு மொழியில் ஆணி என்று பொருள்படும் சொல்லிலிருந்து'. அந்த வரியின்மேல் நேராக ஒரே ஒரு கோடு. அதற்குக் கீழே, அதே கறுப்பு மையில், யார் கை என்று தெரியாதபடி அச்செழுத்து போலக் குண்டு குண்டான எழுத்தில்: 'பழைய ஆங்கிலம். முதற்பொருள்: நூற்கண்டு'.

"ஏன் மனசு சரியில்ல?" என்று மாமா கேட்டார்.

"அடிச்சிருக்கே சார்! இருபத்தாறு வருஷமா அவர் சீட்டை நான் அச்சுக் கோக்கறேன். அவர் கையால அடிச்ச சீட்டு ஒண்ணுகூட வந்ததில்ல!"

"தப்பே பண்ண மாட்டாரா?"

"பண்ணுவார்! பண்ணினா கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதுவார். அது அந்த ஆபீஸ் சட்டம். எழுதினவன் தன் சீட்டைத் தானே அடிக்கக் கூடாது. ரெண்டாவது ஆள் படிச்சுப் பாத்துத் தப்பைக் கண்டுபிடிச்சாத்தான் ஒரு கோடு போட்டுக் கீழ எழுதணும். அடிச்ச சீட்டுன்னா ரெண்டு பேர் கை பட்ட சீட்டு. அதை வெச்சுத்தான் எது சரிபார்த்தது, எது பார்க்காததுன்னு எனக்கே தெரியும்!"

இயந்திரம் நின்றுவிட்டதா, என் காது அடைத்துவிட்டதா என்று தெரியவில்லை. டாக்டர் என் கையைப் பிடித்தார்.

"அங்கிள் அப்பாவே திருத்தினார்னு சொன்னாரே," என்றார்.

"சொன்னார்," என்றார் மாமா. "இருபத்தாறு வருஷம் அந்தச் சட்டத்தோட வாழ்ந்தவர் சொன்னார். திருத்தின கை எழுதியிருக்கறதைப் பாருங்க. நூற்கண்டு. உங்கப்பா திருத்தியிருந்தா உருண்டைன்னு எழுதியிருப்பார். துணை ஆசிரியரும் உருண்டைதான். கண்டுன்னு நாலு நாள் கத்தினது ஒரே ஒரு ஆள்."

"ஆனா மாமா, மாட்டிக்குவோம்னு அவருக்குத் தெரியாதா? அடிக்காம அப்படியே அனுப்பியிருக்கலாமே?"

"உன் கார்டைத் திருத்தறப்போ உன்கிட்ட அனுமதி கேட்டாரா? கை முந்திக்குது." என்று மாமா டாக்டர் பக்கம் திரும்பினார். "உங்கப்பா கெட்டிக்காரர்மா. அவ்வளவு பெரிய அகராதிக்காரர் நூலுக்குப் பதிலா ஆணின்னு எழுதுவாரா? வேணும்னே எழுதியிருக்கார். இதை அச்சுல விட இவன் மனசு ஒப்பாதுன்னு தெரிஞ்சே எழுதியிருக்கார். அவன் கோடு போட்ட இடத்துல 'நான்தான்'னு கையெழுத்தே போட்டுட்டான்."

இன்ஹேலரைக் கண்டதும் வெளுத்த அந்த முகம் என் கண்முன் வந்தது. பாவம் என்று நினைத்ததற்காக என்னையே நான் நாலு சாத்து சாத்தியிருப்பேன். "அவரைப் போக விட்டுட்டோமே மாமா! மாத்திரை வாங்கவா போனார்?"

"இல்ல. சார் கிட்ட மருந்து இல்லைன்னு தெரிஞ்சதும் திறந்து விட ஓடியிருக்கார். அவர் கொலைகாரர் இல்ல. ஆனா எங்க ஓடினார்?"

நான் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் ஓரங்கள் கண்ணில் பட்டன. ஆணியில் குத்தியிருந்த மற்ற சீட்டுகள் கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தன. இது மடித்துக் கிழித்தது. பின்பக்கம் வெறுமையாக இல்லை. மங்கலாக ஐந்தாறு வரி அச்சு இருந்தது.

"பிரஸ்காரரே, இது என்ன தாள்?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். முதல் முறையாக மெல்லப் பேசினார்.

"இது முதல் எழுத்துப் பகுதியோட பழைய புரூஃப். இந்த எழுத்துருவை நாங்க மாத்திப் பத்து வருஷமாச்சு. இந்தத் தாள் இப்ப ஒரே இடத்துலதான் இருக்கு. ரயில்வே கேட் பக்கத்துப் பழைய கிடங்கு. அவங்க கழிச்ச தாளையெல்லாம் அங்கதான் போட்டு வெச்சிருக்கோம்."

"ஜன்னல் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

பிரஸ்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். "இரும்பு ஷட்டர் மட்டும்தான். உள்ள முழங்கால் அளவு தூசிம்மா."

பிரஸ்காரர் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தார், டாக்டரின் காரில் ஏறினார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிய வேகத்தில் மாமா என் தோளை அல்ல, கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பின்னால் இருந்தபடியே போலீசுக்குப் போன் செய்து முகவரியைக் கத்தினார். எங்களுக்கு முன்னால் போன தண்ணீர் லாரி வழி விடவே இல்லை. நான் அந்த ஓட்டுநரின் பரம்பரையை விசாரித்த விதத்தை இங்கே எழுத முடியாது.

கிடங்கு வாசலில் புரூஃப் ரீடர் முழங்காலிட்டிருந்தார். ஷட்டரின் கீழே பூட்டு. பூட்டுக்குள் சாவியின் பாதி. மற்றப் பாதி அவர் கையில். விரலெல்லாம் ரத்தம்.

"உடைஞ்சுபோச்சு! அவசரத்துல திருகிட்டேன், உடைஞ்சுபோச்சு! சார்! சார்!" என்று ஷட்டரை அறைந்தார். எங்களைப் பார்த்து ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. "பத்து நிமிஷமா உள்ளேருந்து சத்தமே இல்லைம்மா."

டாக்டர் அவரைத் தள்ளினார். தரையில் படுத்து ஷட்டரின் அடி இடுக்கில் வாயை வைத்து "அப்பா!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை.

பிரஸ்காரர் கடப்பாரையைப் பூட்டின் வளையத்துக்குள் விட்டு நெம்பினார். அசையவில்லை. மாமாவும் சேர்ந்தார். நானும் தொங்கினேன். நாலாவது கையாகப் புரூஃப் ரீடரின் ரத்தக் கை வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் அதை விலக்க எனக்குத் தோன்றவில்லை. வளையம் தரையிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது.

ஷட்டரைத் தூக்கியதும் தூசி முகத்தில் அடித்தது. தாள் கட்டுகளுக்கு நடுவே ஆசிரியர் சாய்ந்து கிடந்தார். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டியிருந்தார். உதடு நீலம். பக்கத்தில் காலியான தண்ணீர்ப் பாட்டில்.

நாங்கள் அவரைத் தெருவோரத்துக்குத் தூக்கி வந்தோம். டாக்டர் இன்ஹேலரைக் குலுக்கினார். வாயில் வைத்து அழுத்தினார். "இழுங்கப்பா. பிடிச்சு வெச்சுக்குங்க. விடுங்க." ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு என்று வந்தபோது அவர் நெஞ்சில் ஒரு விசில் சத்தம் கேட்டது. பிறகு பெரிய இருமல். அந்த இருமலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

டாக்டர் அதற்குப் பிறகுதான் மறுபடி அழுதார்.

ஆசிரியர் கண்ணைத் திறந்ததும் மாமாவின் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். "ஆணின்னு எழுதினா... அவன் கை... சும்மா இருக்காதுன்னு தெரியும்," என்று திக்கித் திக்கிச் சொன்னார். "பின்பக்கம்?"

"பாத்துட்டோம் சார். முன்பக்கம் ஆளைச் சொல்லுச்சு, பின்பக்கம் இடத்தைச் சொல்லுச்சு," என்றார் மாமா.

புரூஃப் ரீடர் ஷட்டருக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்திருந்தார். மாமா அவர் எதிரே குந்தினார்.

"ஏன்யா இப்படிப் பண்ணினே?"

"என் பேருக்காக," என்றார் அவர். "இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு சொல்லையும் நாலு தடவை படிச்சேன். நாளைக்கு முதல் பக்கம் அச்சாகுது. அதுல என் பேர் இருக்காதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். உருண்டைன்னு போடறதா சார் சொன்ன அன்னைக்கு, இந்த ஆபீஸ்ல எனக்கு ஒரு சொல்லுக்கான மதிப்புகூட இல்லைன்னு தோணிப்போச்சு. காலையில பழைய புரூஃப் ஒண்ணு பாக்கணும்னு கூட்டிட்டு வந்தேன். என் பேரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தா மத்தியானமே திறந்து விடறேன்னுதான் சொன்னேன். கடிதத்தையும் பிரஸ் கேட்ட சீட்டையும் எழுதினார். அதை மட்டும் எழுத மாட்டேன்னுட்டார். மருந்து கிட்ட இருக்குன்னுதான் நினைச்சேன் சார். சத்தியமா."

"மருந்து இருந்தா பூட்டி வைக்கலாமா?" என்று நான் கேட்டேன். கோபத்தில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

பிரஸ்காரர் வியப்போடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னய்யா உளர்றே? முதல் பக்கம் கோத்து ஒரு வாரமாச்சே! அதுல உன் பேர் இருக்கே!"

"என்னது?"

"சார் பேருக்கு நேர் கீழ! சாரே எழுதிக் கொடுத்தார். உனக்குச் சொல்ல வேண்டாம், புத்தகமா கையில வாங்கறப்போ பாக்கட்டும்னார்!" அவர் உடனே போனை எடுத்துத் தன் ஆளிடம் கத்தினார். "கம்பியில தொங்கற முதல் பக்கத்தை எடுத்துக்கிட்டு ஓடியா!"

டாக்டர் அப்பாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, உள்ள இருக்கறப்போ இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா உங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காதே."

"சொன்னேன்மா," என்றார் ஆசிரியர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "ஷட்டரைச் சாத்தினதுமே சொன்னேன். உன் பேர் ஏற்கெனவே அச்சுல இருக்குடான்னேன். நம்பல. ஆதாரம் எங்கன்னு கேட்டான்."

ரயில்வே கேட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் வீம்பு வந்துடுச்சு. இருக்கறதை எதுக்கு இன்னொரு தடவை எழுதணும்னு விட்டுட்டேன்," என்றார் அவர். "அவன் கேட்டதுல தப்பில்ல. யார் சொன்னாலும் நம்பாதே, நானே சொன்னாலும் ஆதாரம் கேளுன்னு வேலைக்கு வந்த முதல் நாளே அவனுக்குச் சொன்னது நான்தான்."

போலீஸ் ஜீப்பும் பிரஸ்காரரின் ஆளும் ஏறக்குறைய ஒன்றாக வந்தார்கள். அந்த முதல் பக்கத் தாளைப் பிரஸ்காரர் வாங்கிப் புரூஃப் ரீடரின் மடியில் வைத்தார். அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். எழுத்தின்மேல் ரத்தம் படக் கூடாது என்று கையை விலக்கிப் பிடித்திருந்தார்.

போலீஸ்காரர் நோட்டைத் திறந்துகொண்டு அவர்முன் வந்து நின்றார்.

"உன் பேர் என்ன?"

அவர் மடியிலிருந்த தாளை எடுத்து, இரண்டாவது பெயரைக் காட்டி நீட்டினார். போலீஸ்காரர் அதைப் பார்த்து, ஓர் எழுத்துகூட மாறாமல் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.